இருட்டில் நடந்த புனிதர்

அலிப்பூருக்கு மாற்றலாகி வந்து நாலு வருடம் ஆகிறது. ஆதி கங்கையைத் தாண்டினால் காளிகாட். காளி கோவிலை ஒட்டியே அன்னை தெரசாவின் நிர்மல் ஹ்ருதய். 1952-ல், மாநகராட்சி கொடுத்த யாத்ரீகர் சத்திரத்தில் ஆரம்பித்த இல்லம். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான்தான் கைடு :-) எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அன்னை என்ன புதுமை செஞ்சாங்க?"

நானும் சொல்வேன். 2016-ல் புனிதர் பட்டம் கொடுத்ததற்கு அடிப்படையான இரண்டு குணமளித்தல்கள்... ஆனால் என்னைக் கேட்டால், நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்குப் பாடம் அதில் இல்லை. எங்கள் குமரி மாவட்டத்து நட்டாலம் தேவசகாயம் 1752-ல் விசுவாசத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022-ல் புனிதரானார். கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் திங்கட்கிழமை காலை ஆபீசுக்குக் கிளம்பும் நம்மிடம் யாரும் துப்பாக்கி நீட்டப் போவதில்லையே!

நம் பிரச்சினை வேறு. இரண்டு வருடம் முன்பு அம்மா தவறிவிட்டார்கள். விமானம், கார் என்று மாறி மாறிப் போயும் அடக்கத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. தூரத்தில் வேலை பார்க்கிற நம் எல்லோருக்கும் இருக்கும் பயம்தான். அதற்குப் பிறகு செபமாலை எடுத்தால் உதடு மட்டும்தான் அசைந்தது. உள்ளே ஒன்றுமில்லை. இது வேஷம் இல்லையா என்று தோன்றி, ராத்திரி குடும்ப செபத்தையே விட்டுவிட்டேன். மகள் இரண்டு முறை கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் உறைத்தது.

அந்தச் சமயத்தில்தான் அன்னையின் கடிதங்களைப் படித்தேன். அழித்துவிடும்படி அவர் கேட்டுக்கொண்டும் 2007-ல் புத்தகமாக வந்தவை. சேரிகளில் இறங்கி வேலை ஆரம்பித்த காலத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது வருடம், கடவுள் பக்கத்தில் இருக்கிறார் என்ற உணர்வே அவருக்கு இல்லையாம். நடுவில் 1958-ல் சில வாரங்கள் மட்டும் வெளிச்சம். ஆனாலும் தினமும் விடியலில் பூசை, செபம், பிறகு நோயாளிகள்.

"அப்படியென்றால் விசுவாசமே இல்லை" என்று சிலர் எழுதினார்கள். (இல்லங்களின் மருத்துவ வசதி பற்றியும் விமர்சனம் உண்டு. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.) எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா காய்ச்சலோடும் எங்களுக்குச் சோறு பொங்கினார்கள். எங்கள் மேல் கோபமாக இருந்த நாளிலும் பொங்கினார்கள். அதை வேஷம் என்று யாராவது சொல்வோமா? பாசம் மனசில் ஊறுகிற நேரத்தில் மட்டும் சமைத்திருந்தால் நாங்கள் பாதி நாள் பட்டினிதான். விசுவாசமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். உணர்வு வரும், போகும். செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருப்பதுதான் விசுவாசம்.

வீட்டில் செபத்தை மறுபடி ஆரம்பித்துவிட்டோம். பழைய உணர்வு திரும்பவில்லை. மகளிடம் உள்ளதைச் சொன்னேன்: "அப்பாவுக்கு இப்ப ஒண்ணும் தோணலைம்மா. ஆனாலும் சொல்லுவோம்."

"எனக்கும் பல நாள் அப்படித்தாம்ப்பா" என்றாள்.

பிள்ளைகளுக்குப் புதுமைக் கதைகளைத் தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே, அந்த ஐம்பது வருட இருட்டையும் சொல்லுங்கள். என்றைக்காவது தேவைப்படும்.