கோடைக்கு ஒரு வேலை



டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் நம் வீடுகளில் இரண்டு பேச்சுதான். ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்றா என்பது ஒன்று. பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு அடுத்த கோடைக்கு இன்டர்ன்ஷிப் அமைந்ததா என்பது இன்னொன்று. முதலாவதைவிட இரண்டாவதில்தான் இப்போது பதற்றம் அதிகம்.

அந்தப் பதற்றத்தைக் கொஞ்சம் தணிக்கலாம் என்றுதான் இந்தப் பக்கம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் சேர்க்கை விண்ணப்பத்தைத் திறந்து பாருங்கள். படிப்புக்கு வெளியே செய்தவற்றைச் சொல்ல 10 இடங்கள். ஒவ்வொன்றையும் விவரிக்க, இடைவெளியும் சேர்த்து 150 எழுத்துகள். ஒரு வாட்ஸாப் செய்தி அளவுகூட வராது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்தில் எத்தனை வாரம் என்றும் கேட்கிறார்கள். இன்டர்ன்ஷிப் அங்கே ஒரு வகை, அவ்வளவே. அதே பட்டியலில் சம்பள வேலையும் இருக்கிறது, குடும்பப் பொறுப்பும் இருக்கிறது.

நம் பிள்ளைகள் கோட்டை விடுவது இப்படிப்பட்டவற்றில்தான். பாட்டியை டாக்டரிடம் கூட்டிப்போய், இவர் தமிழை அவருக்கும் அவர் ஆங்கிலத்தை இவருக்கும் சொல்லும் பெண், அதெல்லாம் விண்ணப்பத்தில் எழுதத் தக்கது என்றே நினைப்பதில்லை. தமிழ்ப் பள்ளியில் வாரந்தோறும் சின்ன வகுப்பைச் சமாளிக்கும் பையனும் அப்படித்தான். 2016-இல் ஹார்வர்டு கல்வியியல் பள்ளியிலிருந்து வந்த ‘டர்னிங் த டைட்’ அறிக்கை, குடும்பத்துக்காகச் செய்வதையும் கல்லூரிகள் மதிக்க வேண்டும், செயல்பாடுகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் ஈடுபாட்டைப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. பல கல்லூரிகளின் சேர்க்கை அதிகாரிகள் அதை வழிமொழிந்தார்கள்.

பேர்பெற்ற திட்டங்களுக்கு முயலவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1984-இல் தொடங்கி, இப்போது எம்.ஐ.டி.யில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற கோடை ஆய்வுத் திட்டத்துக்குப் பயிற்சிக் கட்டணம் கிடையாது. ஆனால் எடுப்பது ஏறக்குறைய 100 பேரைத்தான். டெக்சஸ் டெக்கின் கிளார்க் ஸ்காலர்ஸ் திட்டத்தில் 12 பேர். போட்டால் போடட்டும், அதையே நம்பி உட்காரக் கூடாது. இவற்றுக்கெல்லாம் குளிர்காலத்திலேயே கெடு முடிந்துவிடுவதால், மார்ச்சில் தேடத் தொடங்குவது வீண். பல்லாயிரம் டாலர் வாங்கிக்கொண்டு ‘ஆய்வு’ செய்ய வைத்து, கட்டுரையும் வெளியிட்டுத் தரும் வியாபாரம் வேறு பெருகியிருக்கிறது. 2023-இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் இதைப் பற்றி விரிவாக எழுதியது. அந்தப் பணத்தைக் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

வாய்ப்பு பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். ஊர் நூலகம், மருத்துவமனையின் தன்னார்வலர் பிரிவு, நகராட்சிப் பூங்காத் துறை, கம்யூனிட்டி கல்லூரி ஆய்வகம், தெருமுனை மருந்துக்கடை. பேராசிரியருக்கு எழுதுவதானால் ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவதில் பயனில்லை. அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் புரிந்தது எது, எங்கே சிக்கியது என்று நாலு வரி எழுதலாம். தனக்கு என்ன தெரியும், வாரத்தில் எந்த நாள் வர முடியும் என்பதையும் சேர்த்தால் போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். ஒன்று மட்டும்: அந்தக் கடிதத்தை அப்பா எழுதக் கூடாது. அப்பா எழுதினால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. எச்-4 ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி குறிப்பிட்ட சில வாழ்க்கைத்துணைகளுக்குத்தான், பிள்ளைகளுக்குக் கிடையாது. ஆகவே சம்பள வேலை கூடாது. நாசாவின் இன்டர்ன்ஷிப் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும். தொண்டு நிறுவனங்களில் உண்மையான தன்னார்வப் பணி செய்யலாம். ஆனால் ஒரு கம்பெனியில் ‘சம்பளம் இல்லாமல்தானே’ என்று சேர்த்துவிடும் முன் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்தது தனக்கு ஏன் இல்லை என்று குமுறும் பிள்ளையிடம் இந்த விவரத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. எந்தக் கல்லூரி எப்படிப் பார்க்குமோ, ஆனால் சட்டம் தடுத்ததைப் பிள்ளையின் குறையாக வீட்டில் யாரும் பேச வேண்டாம்.

இனி, தொழில் நடத்தும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல் மருத்துவமனை, கணக்காளர் அலுவலகம், உணவகம், மென்பொருள் நிறுவனம் என்று நம்மவர்கள் எத்தனையோ நடத்துகிறார்கள். வரும் கோடையில் ஒரு மாணவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பரின் பிள்ளையை மட்டும் அல்ல. உள்ளே யாரையும் தெரியாத வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடுங்கள். லாபம் பார்க்கும் நிறுவனம் என்றால் சட்டப்படி சம்பளம் கொடுத்துவிடுங்கள். கோடை முடிந்தும் வேலை தொடர்வதானால், 14, 15 வயதுக்காரர்களைப் பள்ளி நாளில் 3 மணி நேரத்துக்கு மேலும், பள்ளி வாரத்தில் 18 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். உங்கள் மாநில விதி இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். இடம் இருக்கிறது என்று ஜனவரி முடிவதற்குள் எங்களுக்கு எழுதினால், பிப்ரவரி இதழில் கட்டணமின்றி வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்