பேரேட்டில் ஏறும் பற்று

பார்க்கின்சன் நோய் என்று இன்று மருத்துவர்கள் குறிப்பதை நம் பெரியோர் நடுக்குவாதம் என்றனர். விபூதியை எடுத்து நெற்றியில் இடுவதற்குள் பாதி சிந்திவிடும். பிராகாரத்தில் அடி எடுத்து வைக்கக் கால் தயங்கும். மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்துபோவதே காரணம். அக்குறையை ஈடுசெய்யும் முதன்மையான மருந்து இன்றளவும் லெவோடோபாதான். பூனைக்காலி விதையிலிருந்து அதனைத் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் 1937-ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுத்தனர். அதற்காக விதையைப் பொடித்துத் தாமாகவே உண்ணத் தொடங்க வேண்டாம். அளவு நம் கையில் இராது.

இம்மாத்திரை உடலில் செய்யும் வேலையைப் படித்தபோது, ஆயுளின் பெரும்பகுதியைப் பேரேடுகளோடு கழித்த எனக்கு அது பற்று வரவுக் கணக்காகவே தோன்றியது. லெவோடோபாவின் ஒரு பகுதி மூளைக்குச் சென்று டோபமைன் ஆகிறது. மற்றொரு பகுதியோடு நம் உடலின் நொதி ஒன்று 'மெத்தில்' என்னும் சிறு கூட்டணுவை ஒட்டிவிடுகிறது. அந்த மெத்திலைக் கொடுத்த பொருள், கொடுத்தபின் ஹோமோசிஸ்டீனாக மாறி இரத்தத்தில் எஞ்சுகிறது. வேளைதோறும் மாத்திரை, வேளைதோறும் ஒரு பற்று.

இப்பற்றை நேர்செய்பவை ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும். பி6 வைட்டமினுக்கும் இதில் பங்குண்டு. அங்கேதான் பரம்பரை குறுக்கிடுகிறது. ஃபோலிக் அமிலத்தைப் பயன்படும் வடிவிற்கு மாற்றும் எம்.டி.எச்.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் சிலருக்கு ஓர் எழுத்து மாறியிருக்கும். தாய், தந்தை இருவழியிலும் அம்மாற்றம் வந்திருந்தால் அந்த நொதி மந்தமாகவே இயங்கும். அத்தகையோர் லெவோடோபா உண்ணும்போது ஹோமோசிஸ்டீன் மற்றவர்களைவிட மிகுதியாக ஏறுவதை ஜப்பானிய மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். பொதுவாக லிட்டருக்கு 15 மைக்ரோமோலுக்கு மேற்பட்டால் மிகுதி என்பர்.

மரபணுவை நாம் மாற்ற இயலாது. பி12 அப்படியன்று. சைவ உணவினராகிய நம்மிற் பலருக்கு அது இயல்பிலேயே குறைவு. பாலும் தயிரும் அதற்கு முக்கிய வழி. முதுமையில் வயிறு அதனை உறிஞ்சும் திறன் குறைகிறது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கான மாத்திரை ஆகியவற்றை நெடுங்காலம் உண்பவர்க்கு மேலும் குறையக்கூடும்.

பி12 குறைந்தால் பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும், நினைவு மங்கும். வீட்டார் அதனைக் கண்டு, "நோய் முற்றிவிட்டது, என்ன செய்வது?" என்று மனம் தளர்ந்துவிடுகின்றனர். என்னைக் கேட்டால், இக்கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். அத்தளர்ச்சியின் ஒரு பகுதி ஊசியாலோ மாத்திரையாலோ சரியாகக்கூடியதாக இருக்கலாம். நாள் கடந்தால் நரம்பின் சேதம் முழுதும் மீளாது.

ஆதலின் அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைக் காணும்போது, பி12, ஹோமோசிஸ்டீன் இரண்டையும் இரத்தத்தில் பார்க்கலாமா என்று கேளுங்கள். மரபணுச் சோதனைக்குப் பணம் செலவிடப் பெரும்பாலோர்க்குத் தேவையில்லை. கடையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் தாமாக வாங்கி விழுங்குவதும் கூடாது. இரத்தசோகை மறையும், பி12 குறைவால் நரம்பு கெடுவது மட்டும் தொடரும். இதைப் படித்து அஞ்சி எவரும் லெவோடோபாவை நிறுத்திவிடவும் வேண்டாம். திடீரென நிறுத்தினால் உடல் விறைத்துக் கடுங்காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம்.