உயில் எழுதிவிட்டேன்

அன்பு மாணவர்களுக்கும் சொந்தங்களுக்கும்,

போன மாதம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் என் உயிலைப் பதிவு செய்தேன். விஷயம் எப்படியோ வெளியே தெரிந்து வரிசையாக போன் வந்துவிட்டது. "டீச்சர், உடம்புக்கு ஏதாவதா?" என்று ஒருத்தன் பதறிப்போய்க் கேட்டான். ஒன்றும் இல்லையப்பா, அதே பழைய சர்க்கரைதான்.

என் அண்ணன் கேட்டது வேறு. "உன்னை எட்டிக்கூடப் பார்க்காத பொண்ணுக்கு எதுக்கும்மா பாதி வீடு?"

1999-ல் எனக்கு விவாகரத்து ஆனது உங்களில் பலருக்குத் தெரியும். 11 வயது மகள் அப்பாவோடு போனாள். 6 வயது மகன் என்னோடு இருந்தான். பின்னாளில் அவள் கல்யாணப் பத்திரிகை வந்தது. அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று நான் போகவில்லை. அவள் எட்டிப் பார்க்கவில்லை என்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உயிலைக் குடும்பநல நீதிமன்றத்தின் அடுத்த வாய்தா ஆக்கக் கூடாது என்பது என் கருத்து. "யாரோடு இருக்கிறாய்?" என்று கேட்டதற்கு ஒரு குழந்தை சொன்ன பதிலுக்கு இத்தனை வருடம் கழித்து அபராதம் போட எனக்கு மனசு வரவில்லை. மகன் என்னைப் பார்த்துக்கொள்கிறான், அதுவும் உண்மை. அதனால் வங்கி வைப்புத்தொகை அவனுக்கு என்று எழுதி, காரணத்தையும் உயிலிலேயே சொல்லிவிட்டேன். வீடு இருவருக்கும் சரிபாதி. அவனிடம் முன்பே சொன்னபோது, "வீட்டை விக்காம இருக்க முடியுமாம்மா?" என்று மட்டும் கேட்டான். அக்காவின் பாதியை அன்றைய சந்தை விலைக்கு வாங்க முதல் உரிமை அவனுக்கு, அவகாசம் 2 வருடம் என்று சேர்த்தேன்.

உயில் இல்லாவிட்டாலும் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமமாகத்தான் போகும். விவாகரத்தான கணவருக்குப் பங்கு கிடையாது. ஆனால் பேச்சுவார்த்தையே இல்லாத அக்காவும் தம்பியும் வாரிசுச் சான்றுக்கும் பாகப்பிரிவினைக்கும் ஒன்றாக அலைய வேண்டியிருக்கும். அந்தப் பொறுப்பை உயிலில் நிறைவேற்றுநர் ஒருவரிடம் விட்டிருக்கிறேன்.

இதற்காகக் காகிதங்களைத் துழாவியபோது ஒரு கூத்து. 1994-ல் போட்டுப் புதுப்பித்துக்கொண்டே வந்த அந்த வைப்புத்தொகையில் நாமினியாக இன்னமும் அவர் பெயர்! விவாகரத்துத் தீர்ப்பு அதைத் தானாக மாற்றிவிடாது. அதற்கு முன் எழுதிய உயில் இருந்தால் அதுவும் தானாக ரத்தாகாது. வங்கி நாமினி பணத்தை வாங்கித் தருகிறவர்தான், சொந்தக்காரர் அல்ல என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இருந்தாலும் என் பிள்ளைகள் அவரிடம் போய்க் கேட்டு நிற்க வேண்டுமா? ஒரு படிவத்தில் வேலை முடிந்தது. இத்தனை வருடம் நான் செய்யாத வேலை.

உங்களில் சின்னப் பிள்ளையோடு தனியாக இருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். 18 வயது ஆகாத பிள்ளை பேரில் நேராகச் சொத்தை எழுதினால், அதை நிர்வகிப்பது இயற்கைக் காப்பாளர் என்ற முறையில் உங்கள் முன்னாள் துணையிடமே போகலாம். நீங்கள் நம்பும் ஒருவரை அறங்காவலராகப் போட்டு, பிள்ளைக்கு எந்த வயதில் கொடுக்க வேண்டும் என்றும் எழுத வழி இருக்கிறது. வழக்கறிஞரைக் கேட்டுச் செய்யுங்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு சாட்சிகள் கட்டாயம். பின்னால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால் என் வயசுக்காரர்களை விட்டுவிட்டு, மாணவர்கள் இருவரைக் கூப்பிட்டேன். ஒருத்தன் பத்தாம் வகுப்பில் மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டு என்னிடம் மாட்டியவன். "இந்தத் தடவை உன் கையெழுத்துதானே?" என்று கேட்டேன். சார்பதிவாளர் ஒரு மாதிரி பார்த்தார்.

நகல் ஒன்றை மகளுக்குத் தபாலில் அனுப்பினேன். கல்யாணத்துக்கு வராததைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதி உள்ளே வைத்தேன். பதில் இன்னும் வரவில்லை. ஒப்புகை அட்டை மட்டும் வந்திருக்கிறது. கையெழுத்து அவளுடையதுதான். கடைசி எழுத்தை இன்னமும் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே சுழிக்கிறாள்.