கப்பலின் கீழ்த்தளத்தில் நம் பிள்ளைகள்



நம் மேட்டுப்பாளையத்து லாரி முனையத்தில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் எங்கோ ஓர் ஊரில் காத்திருக்கும் இல்லம் ஒன்று உண்டு. அங்கே காத்திருத்தல் சில நாள். கப்பலில் பணிபுரிவோரின் இல்லத்திலோ அது பல மாதம். உணவக மேலாண்மை பயிலும் இளைஞருக்கு உல்லாசக் கப்பல் வேலை ஒரு பெருங்கனவு. ஆதலின் அவ்வாழ்க்கை எத்தகையது என்பதைப் பெற்றோர் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

கோடைகாலத்தில் இக்கப்பல்கள் மத்தியதரைக் கடலில் துறைமுகம் துறைமுகமாகச் செல்கின்றன. பார்சிலோனா, மார்சேய், ரோமைக்கு வாயிலான சிவித்தாவெக்கியா, மால்தாத் தீவின் வலேத்தா என்று அடுத்தடுத்துக் கரை தொடும். சிறு கப்பலாயின் பயணிகள் இருநூறு முந்நூறு பேர் இருப்பர். காலையில் அவர்கள் கரையிறங்கி ஊரைக் கண்டு மாலையில் திரும்புவர். அதற்குள் அறைகள் துலக்கப்பட்டு, படுக்கைகள் விரிக்கப்பட்டு, இரவு விருந்து ஆயத்தமாக வேண்டும். இவற்றைச் செய்வோர் கீழ்த்தளத்துச் சிற்றறைகளைப் பகிர்ந்து உறங்குபவர்கள். ரோமைக்கு அருகே கப்பல் நின்றும் புனித இராயப்பர் பேராலயத்தைக் காண அவர்களுக்கு ஓய்வு கிட்டாமற் போகலாம். ஒரு கூட்டம் இறங்கி மறு கூட்டம் ஏறும் நாளே மிகக் கடினமானது. அது ஞாயிறாக அமைந்துவிட்டால், திருப்பலி நினைவில் மட்டுமே.

மார்சேய் என்னும் பெயர் புதுவைக்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நம் முன்னோர் பலர் கரைக்கு அப்பால் நின்ற கப்பலுக்குப் படகில் சென்று ஏறி, 1869-இல் திறக்கப்பட்ட சூயெசு கால்வாய் வழியே அத்துறையை அடைந்தனர். அங்கே குன்றின் மேலுள்ள தேவமாதா ஆலயத்தினுள் சிறு கப்பல் உருவங்கள் தொங்குகின்றன. அவை கடலோடிகளின் நன்றிக் காணிக்கைகள். புயலில் பிழைத்த போர்த்துக்கீசிய மாலுமிகளின் வரலாற்றை வேளாங்கண்ணியும் நமக்குச் சொல்கிறதன்றோ?

கடலோடிகளைத் திருச்சபை மறந்ததில்லை. 1920-இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய கடலோடிகள் திருத்தூதுப் பணி, இன்று 'ஸ்டெல்லா மாரிஸ்', அதாவது 'கடலின் விண்மீன்', என்னும் பெயரில் பல நாட்டுத் துறைமுகங்களில் நடைபெறுகிறது. 1997-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட விதிகளின்படி, கடலோடிகள் பாஸ்காக் கடமையை ஆண்டின் எக்காலத்திலும் நிறைவேற்றலாம். ஒருசந்தி, சுத்தபோசனச் சட்டங்களும் அவர்களைக் கட்டுப்படுத்துவதில்லை. எனினும் பெரிய வெள்ளியன்று இயன்றவரை அவற்றைக் கைக்கொள்ளுமாறு அவர் கேட்டுக்கொண்டார். பிள்ளையின் நிலையறிந்து பேசும் தாயின் குரல் அது. ஜூலை இரண்டாம் ஞாயிறு கடல் ஞாயிறாகக் கொண்டாடப்படுகிறது.

இல்லத்துத் தாய் தந்தையர் செய்யத்தக்கது யாது? முதலாவது, முகவரை ஆராய்ந்தறிக. இந்தியா 2015-இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, வேலை பெற்றுத் தருவதற்காக இளைஞரிடம் முகவர் கட்டணம் பெறுதல் கூடாது. அவர் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றவராகவும் இருத்தல் வேண்டும். நகையை அடகு வைத்து இலட்சங்களைக் கேட்பவரிடம் கொடுக்குமுன் இதை நினைவிற் கொள்க. ஏழு நாளில் 77 மணி நேரமாவது ஓய்வு தரப்பட வேண்டும் என்பதும் அதே உடன்படிக்கை. பிள்ளையும் இதை அறிந்து செல்லட்டும்.

இரண்டாவது, அவன் அனுப்பும் பணம் முழுவதையும் செலவிட்டுவிடாதீர்கள். ஒப்பந்தம் முடிந்து அவன் வீட்டிலிருக்கும் மாதங்களில் பெரும்பாலும் ஊதியம் இல்லை.

மூன்றாவதே தலையாயது. புனித சின்னப்பர் கைதியாக ரோமைக்குச் சென்றபோது அதே மத்தியதரைக் கடலில் பதினான்கு நாள் புயலில் அலைக்கழிக்கப்பட்டார். கப்பலில் இருந்தோர் 276 பேர். பசித்துக் கலங்கிய அவர்களை அவர் உணவு கொள்ளுமாறு வேண்டி, தாமே அப்பத்தை எடுத்து இறைவனுக்கு நன்றி கூறி உண்ணத் தொடங்கினார். அவர்களும் தேறி உண்டனர். கப்பல் உடைந்தும் அனைவரும் மால்தாக் கரை சேர்ந்தனர். மழையில் நனைந்து குளிரில் நடுங்கிய அந்நியருக்குத் தீவினர் தீ மூட்டி ஆதரவளித்தனர்.

நம் பிள்ளை தொலைபேசியில் அழைக்கும்போது நாம் முதலில் கேட்பது எது? "பணம் எப்போது வரும்?" என்பதா? "சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்பதா? முதற் கேள்வி அவனைச் சம்பாதிக்கும் கையாக்கும். இரண்டாவது அவனை மகனாக்கும். பதினான்கு மணி நேரம் பிறர்க்குப் பரிமாறியவன், தன்னை உண்டாயா என்று கேட்க ஒருவர் இருப்பதை அறிந்தால் ஆறுதல் பெறுவான்.

மாலைச் செபமாலையில் அவன் பெயரைச் சொல்லுங்கள்; சொன்னதை அவனுக்கும் தெரிவியுங்கள். கடலின் விண்மீனாம் அன்னை மரியாள் அவனைக் காப்பாராக.