மிஷின் இருக்கு... காது கேட்குதா?

டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங் புத்தகத்தைத் திறந்து, "இதெல்லாம் எதுக்குடா படிக்கிறோம்?" என்று புலம்பாதவர் நம்மில் யாராவது உண்டா? எனக்குப் பதில் கிடைத்தது கிளாஸில் இல்லை, ஜவ்வாது மலையில்.

என்.எஸ்.எஸ். முகாமுக்காக ஜமுனாமரத்தூர் பக்கம் போயிருந்தோம். சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். சிரித்தாரே தவிர பதில் இல்லை. காதருகே போய்க் கத்தினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்: "ஏன் சாமி கத்துற? சத்தம் கேக்குது. என்ன சொல்றேன்னுதான் தெரியல."

மொத்த விஷயமும் இதுதான், மக்களே. வயதானால் பெரும்பாலும் முதலில் குறைவது உயர் அதிர்வெண் ஒலிகள். 'ஆ', 'ஓ' காதில் விழும்; க், ச், த் நழுவிவிடும். 'பாட்டு', 'காட்டு' இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். பழைய அனலாக் கருவி பேச்சு, இரைச்சல் எல்லாவற்றையும் சேர்த்தே பெரிதாக்கும். நான் கத்தினேனே, அதே வேலைதான்!

1996-ல் சந்தைக்கு வந்த முழு டிஜிட்டல் கருவிகள் இந்தக் கதையை மாற்றின. மைக்கில் விழும் ஒலியை எண்களாக்கி, அதிர்வெண் வாரியாகப் பிரித்து, எங்கே குறையோ அங்கே மட்டும் கூட்டும். மெல்லிய பேச்சைத் தூக்கும், பெருஞ்சத்தத்தை அடக்கும். நாம் அரியருக்குப் பயந்து படிக்கிற அதே ஃபில்டர்தான்.

"அப்போ பாட்டிக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்தா முடிஞ்சுதே"ங்கிறீங்களா? பாட்டியிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது! எங்கோ ஒரு முகாமில் கொடுத்தது, டப்பாவுக்குள் தூங்கியது. "மாட்டினா கீ...ன்னு கத்துது. பேட்டரியும் தீர்ந்துபோச்சு" என்றார் மருமகள்.

கீ என்று கத்தினால், பெரும்பாலும் காது அச்சு சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். பேட்டரியோ காற்றில் இயங்கும் சின்ன பட்டன். ஸ்டிக்கரை உரித்துவிட்டால், பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே போகும். ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை இதற்காக மலை இறங்கிப் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ யார் போவது?

என் கருத்து இதுதான்: டிஜிட்டல் கருவியின் பலன் சிப்பில் பாதி, அதை அந்தக் காதுக்கு ஏற்றபடி செட் செய்வதில் மீதி. காதைப் பரிசோதித்து, அந்த அளவுக்கு புரோகிராம் செய்து, ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்துத் திருத்தாவிட்டால், அது வெறும் பிளாஸ்டிக். இலவசமாகக் கருவி தர ஒன்றிய அரசின் 'அடிப்' திட்டம் 1981 முதலே இருக்கிறது. கருவி போய்ச் சேருகிறது. பராமரிப்பும் கூடவே மலை ஏற வேண்டும்.

இதே மலையில், காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. எங்கோ இருக்கும் நட்சத்திரத்தின் மங்கிய ஒளியை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க நம்மால் முடிகிறது. பக்கத்தில் இருக்கும் பாட்டிக்குப் பேரன் பேச்சைப் பிரித்துக் கொடுக்க முடியாதா என்ன?

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? சோலாரில் சார்ஜ் ஆகும் கருவி, போன் வழியாகவே தூரத்திலிருந்து செட் செய்யும் வசதி... வேலை நிறைய இருக்கு. அதுக்கு முன்னாடி, இந்த லீவுக்கு ஊருக்குப் போனதும் உங்க வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்க. தாத்தாவோட மிஷின் ஒண்ணு அங்கேயும் தூங்கிட்டு இருக்கலாம்.