வயல் நம்முடையது, கேள்வியும் நம்முடையதாகட்டும்

நெல் வயலில் இருந்து வெளியேறும் மீத்தேன், பாசன நீர்ச் சிக்கனம், கடலோர நிலத்தின் உவர்ப்பு ஆகிய மூன்றையும் ஆராய ஐரோப்பாவில் நிதி இருக்கிறது. மூன்று பிரச்சினைகளும் ஒன்றாக உள்ள இடம் காவிரி டெல்டா. ஆனால், அந்த நிதிக்கு விண்ணப்பிப்பது பேராசிரியர்களின் வேலை என்று விவசாயிகளும் விரிவாக்கப் பணியாளர்களும் ஒதுங்கி நிற்கிறோம். அனுமதி கிடைத்த பிறகு, "உங்கள் வயலில் ஒரு ஏக்கர் தாருங்கள்" என்று கேட்கும்போதுதான் நமக்கே விஷயம் தெரியவருகிறது. இது மாற வேண்டும்.

வெளிநாட்டு நிதியில் நடந்த ஆய்வு இங்கே புதிதல்ல. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நார்வே அரசின் நிதியுடன் 'கிளைமாரைஸ்' திட்டம் காவிரிப் படுகையில் நடந்தது. நார்வேயின் 'பயோஃபோர்ஸ்க்' நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதில் பங்கேற்றன. பருவநிலை மாற்றம் நெல் விளைச்சலை எப்படிப் பாதிக்கும் என்று கணித்ததோடு, அதற்கேற்ற சாகுபடி முறைகளை விவசாயிகளின் வயல்களிலும் சோதித்தார்கள்.

கேள்வியை யார் எழுதுகிறார் என்பது ஏன் முக்கியம்? காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையையே பாருங்கள். வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி நீர் கட்ட வேண்டும். தண்ணீர் மிச்சமாகும், மீத்தேனும் குறையும். பம்புசெட் உள்ளவருக்கு இது எளிது. முறைப்பாசனத்தில் இருக்கும் கடைமடை விவசாயி வயலைக் காயப்போட்டால், அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று அவருக்கு யார் உறுதி சொல்வது? வயலுக்கு வயல் நீர் பாயும் இடத்தில் ஒருவர் மட்டும் எப்படிக் காயப்போடுவார்? "மீத்தேன் எவ்வளவு குறையும்?" என்பது அவர்களின் கேள்வி. "வாய்க்கால் முறையை எப்படி மாற்றினால் இது எல்லோருக்கும் முடியும்?" என்பது நம் கேள்வி. இரண்டும் ஒரே விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

விதிகளும் இதற்கு இடம் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஹொரைசன் யூரோப்' திட்டம் 2021 முதல் 2027 வரையிலானது. தொடக்க ஒதுக்கீடு சுமார் 9,550 கோடி யூரோ. அதன் வேளாண் அழைப்புகள் பலவற்றில் விவசாயிகளும் ஆலோசகர்களும் தொடக்கத்திலிருந்தே பங்காளிகளாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பொதுவாக, குறைந்தது மூன்று ஐரோப்பிய நாடுகளின் நிறுவனங்கள் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். இந்திய நிறுவனங்கள் அதில் சேரலாம். ஆனால் நமக்கு நிதி தானாக வந்துவிடாது. அழைப்பிலேயே அதற்கு வழி இருக்க வேண்டும், அல்லது நம் அரசுத் துறைகள் பங்கு தர வேண்டும். நீர் ஆராய்ச்சிக்கான ஏழு திட்டங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துடன் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் முன்பு அப்படித்தான் நிதி தந்தன.

இரண்டு எச்சரிக்கைகள். தொண்டு நிறுவனமோ விவசாயிகள் சங்கமோ வெளிநாட்டு நிதி பெற, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, நிதி பெற்ற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. எனவே எந்தச் செலவை யார் நேரடியாகச் செய்வார் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து, மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பரிய விதையை ஆய்வுக்கு என்று யார் கேட்டாலும் உடனே கொடுத்துவிடாதீர்கள். பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் உரிய அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது.

இப்போது செய்யக்கூடியது இதுதான். ஒவ்வொரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் தன் பகுதியின் முதன்மையான பிரச்சினையை மண், நீர், ரகம், விளைச்சல் விவரங்களோடு ஒரே பக்கத்தில் எழுதட்டும். விரிவாக்கப் பணியாளர்கள் அதைச் சரிபார்த்து ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ, நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கோ கொண்டு சேர்க்கட்டும். ஆய்வுக்கு வயல் தரும் முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: விளைச்சல் குறைந்தால் இழப்பீடு, ஆய்வுக்காகக் கூடும் வேலைக்குக் கூலி, அடுத்த பருவத்துக்கு முன் முடிவுகள் தமிழில்.

அடுத்த ஏழாண்டுத் திட்டத்தை 2028-இல் தொடங்க ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்துள்ளது. அழைப்பு வந்த பிறகு கேள்வியைத் தேடினால் நேரம் போதாது. இந்தச் சம்பா அறுவடைக்குள் அந்த ஒரு பக்கம் தயாராக வேண்டும்.