தாம்பரம் மொட்டை மாடியில் இருந்து வெடித்த நட்சத்திரத்தைப் படம் பிடிக்க முடியுமா? குறுக்கே நிற்பது எது?

தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரி பக்கம் இரவில் நிமிர்ந்து பார்த்தால் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் நட்சத்திரங்கள் தெரிகின்றன. ஆனால் அதே வானத்தில்தான், 1054-ம் ஆண்டு மக்கள் நேரில் பார்த்த ஒரு நட்சத்திர வெடிப்பின் மிச்சம் இன்னும் ஒளிர்கிறது. அதை இங்கிருந்தே படம் எடுக்கலாம்!

அது என்ன?

பெயர் நண்டு நெபுலா. தூரம் சுமார் 6,500 ஒளியாண்டு. அந்த வெடிப்பு 23 நாட்கள் பகலிலேயே தெரிந்ததாக சீனர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். சிதறிய வாயு இப்போதும் நொடிக்கு சுமார் 1,500 கி.மீ. வேகத்தில் விரிகிறது.

எப்போது எடுக்கலாம்?

பொங்கல் சமயத்தில், இரவு 10 மணி வாக்கில் அது கிட்டத்தட்ட நம்ம தலைக்கு மேலேயே இருக்கும். வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருக்கும். போகிப் புகை அடங்கிய பிறகு முயற்சிப்பது நல்லது.

எப்படி எடுப்பது?

வெறும் செல்போன் போதாது. சின்ன தொலைநோக்கி, கேமரா, வானத்தின் நகர்வுக்கு ஏற்பத் திரும்பும் மோட்டார் தாங்கி தேவை. சில நிமிடப் படங்களைப் பல மணி நேரம் எடுத்து, கணினியில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

முக்கியமானது ஃபில்டர். நெபுலாவின் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரிலும், ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரிலும் ஒளிரும். அந்த நிறங்களை மட்டும் உள்ளே விட்டு, தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரும்பகுதியை ஃபில்டர் தடுத்துவிடும்.

அப்புறம் என்ன பிரச்னை?

பழைய சோடியம் விளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் மட்டுமே இருந்தது, வடிகட்டுவது சுலபம். வெள்ளை எல்இடி அப்படி இல்லை. எல்லா நிறமும் கலந்திருப்பதால், ஃபில்டரைத் தாண்டியும் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். ஜிஎஸ்டி சாலை, மீனம்பாக்கம் விமான நிலையம், விளம்பரப் பலகைகள் என எல்லா வெளிச்சமும் சேர்ந்து வானத்தையே வெளுக்க வைக்கின்றன.

தீர்வு உண்டா?

உண்டு. விளக்கை அணைக்க வேண்டாம். தரையை மட்டும் பார்க்கும்படி மூடி போட்டாலே போதும். லடாக்கின் ஹான்லே 2022-ல் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வீட்டு விளக்குகளுக்குக்கூட கட்டுப்பாடு உண்டு. தாம்பரத்தை ஹான்லே ஆக்க முடியாதுதான். ஆனால் மேல்நோக்கிப் போகும் வெளிச்சம் யாருக்கும் பயன்படுவதில்லை. அதற்கும் மின் கட்டணம் கட்டுவது நம்ம வரிப்பணத்தில் இருந்துதான்.